பொடக்காலி டாக்கீஸ்

ஏழு மணிக்கு இருட்டிவிடுகிற ஊரில் பிறந்தது எத்தனை பெரிய கொடுப்பினை! வீட்டுக்குப் பின்னால், பொடக்காலியில், திரை கட்டிப் படம் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் இது எனக்கு உறைத்தது. ஜூன் மாதத்து லண்டனில் சூரியன் மறையவே இரவு ஒன்பது மணிக்கு மேல் ஆகிவிடும். அதற்குப் பிறகும் வானம் நெடுநேரம் வெளுத்தே கிடக்கும். அங்கே தோட்டத்தில் சினிமா போட நினைப்பவர்கள் பத்தரை வரை பிள்ளைகளைத் தூங்கவிடாமல் வைத்திருக்க வேண்டும். இங்கே, கோவைக்குத் தெற்கே கிணத்துக்கடவுப் பக்கம், ஆண்டின் மிக நீண்ட பகலில்கூட ஏழு மணிக்குள் சூரியன் இறங்கிவிடுகிறது. நம் பக்கத்தில் அது சாய்ந்து இறங்காமல் ஏறக்குறைய நேராகவே விழுவதால் அந்தி மிகக் குட்டை. இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் திரையில் படம் தெரியும் அளவுக்கு இருட்டு வந்துவிடும். ஏழேகாலுக்குப் படம் போட்டு, நடுவில் சாப்பிட்டு, பத்துக்குப் படுக்கப் போகலாம். பள்ளிக்கூட நாளில்கூட முடியும்!

எங்கள் பொடக்காலி பெரிய தோட்டமெல்லாம் இல்லை. ஒரு வேம்பு, இரண்டு தென்னை, துணி துவைக்கும் கல், மதில், அவ்வளவுதான். அந்த இடத்தில் பத்தடி அகலத்துக்குப் படம் விரியும்போது அங்கிருக்கிறவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். எத்தனையோ திரையரங்குகளில் எத்தனையோ நல்ல படங்கள் பார்த்திருக்கிறேன். குளிர்சாதனமும் சாய்வு நாற்காலியும் உள்ள அரங்குகளைக் குறை சொல்லவில்லை. ஆனால் வேப்பங்காற்று வாங்கிக்கொண்டு, பாயில் கால் நீட்டி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கிற படத்துக்கு ஈடாக நான் இதுவரை ஒன்றையும் பார்க்கவில்லை.

இது வெளிநாட்டுப் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. சினிமா நம் ஊர்களுக்குள் பரவியதே கூடாரங்கள் வழியாகத்தான். திருச்சியில் ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் துண்டுப் படங்களையும் விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டினார். பிறகு கோவையிலேயே தங்கி 1914-இல் வெரைட்டி ஹால் கட்டினார். அந்தப் பெயரில் இன்றும் ஒரு சாலை கோவையில் இருக்கிறது. அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்கிறேன். அமெரிக்கக் கதையும் இதே மாதிரிதான். காரில் உட்கார்ந்தபடி படம் பார்க்கும் டிரைவ்-இன் தியேட்டரைக் கண்டுபிடித்த ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட், நியூ ஜெர்சியில் தன் வீட்டு வாசலில்தான் முதல் சோதனை செய்தார். மரங்களுக்கு நடுவே துணி கட்டி, கார் முகப்பின் மேல் கோடக் புரொஜெக்டரை வைத்து ஓட்டினார். மழையில் என்ன ஆகும் என்று பார்க்கப் புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாயைத் திறந்துவிட்டுக் காருக்குள் உட்கார்ந்து பார்த்தாராம். 1933-இல் கேம்டன் அருகே அவர் திறந்த அரங்குக்கு மூலம் அந்த வீட்டு வாசல். எனக்கு அந்த மனிதரை அத்தனை பிடிக்கும்.

இனி கட்டும் முறை. திரையிலிருந்து தொடங்குகிறேன். கடையில் மடித்து நிறுத்துகிற திரைகள் வருகின்றன, விலையும் இருக்கிறது. நம் ஊரில் அது தேவையே இல்லை. காரணம், உலகத்திலேயே ஃப்ளெக்ஸ் பேனர் கடைகள் இவ்வளவு நெருக்கமாக இருக்கும் ஊர் வேறு இருக்குமா என்பது சந்தேகம்! கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நன்னீராட்டு என்று எதற்கும் பேனர் அடிக்கும் அந்தக் கடைகளில் பத்தடி அகல ஃப்ளெக்ஸ் சுருள் சுருளாக நிற்கிறது. அச்சே இல்லாமல் வெறும் வெள்ளையாக வாங்கினால் சில நூறு ரூபாய்தான். ஒட்டுப் போடாத, சுருக்கமில்லாத, மழைக்கு அசராத திரை. எங்கள் ஊர்க் கடையில் இதைக் கேட்டபோது அந்தத் தம்பிக்கு நம்பிக்கையே வரவில்லை.

“ஏனுங்ணா, பேரு, போட்டோ ஒண்ணுமே வேண்டாமுங்ளா? வெறும் வெள்ளையா?”

“படத்த ராத்திரி நாங்களே போட்டுக்குவோம் தம்பி.”

விஷயம் புரிந்ததும் அவர் முகம் மலர்ந்ததே, அது தனி. நாலு பக்கமும் மடித்து ஒட்டி, ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஐலெட் வளையம் அடித்துத் தந்தார். வாங்கும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். பளபளப்பான ஃப்ளெக்ஸ் வேண்டாம். நடுவில் மட்டும் விளக்கு எரிவது போல ஒளிப்பொட்டு விழும். மங்கலான பரப்புள்ளதாகப் பாருங்கள். இன்னொன்று, உள்ளே கறுப்போ சாம்பலோ அடுக்கு வைத்த ‘பிளாக்அவுட்’ ரகம் கிடைத்தால் விடாதீர்கள். பின்னாலிருந்து வரும் தெருவிளக்கு ஊடுருவாது, நம் ஒளியும் பின்பக்கம் ஒழுகிப் போகாது. படத்தின் ஓரத்தைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்குக் கறுப்புத் துணி ஒட்டிவிட்டால் படம் அப்படியே எடுப்பாக நிற்கும். காசில்லாத வேலை, ஆனால் பார்க்கிறவர் கண்ணுக்கு முதலில் படுவது அதுதான்.

திரையைத் தாங்கச் சவுக்குக் கம்புகள். இரண்டடி ஆழத்துக்கு ஜிஐ பைப்புத் துண்டுகளைக் கான்கிரீட்டில் பதித்து, அதற்குள் கம்பைச் செருகி நிறுத்துகிறோம். வேண்டாத மாதத்தில் உருவி வைத்துவிடலாம். மேலே ஒரு கம்பு, கீழே ஒரு கம்பு. ஐலெட்டையும் கம்பையும் இணைக்க நான் கயிறு பயன்படுத்துவதில்லை. பழைய சைக்கிள் டியூபைப் பட்டை பட்டையாக அறுத்த ரப்பர்தான். நம் ஊரில் மூட்டை கட்டுவதிலிருந்து மண்வெட்டிக் காம்பு இறுக்குவது வரை எல்லாவற்றுக்கும் உதவுகிற அந்த டியூப், திரை கட்டுவதற்கென்றே பிறந்ததுபோல் இருக்கிறது. காற்று வீசினால் திரை கொஞ்சம் பின்வாங்கி, காற்று போனதும் தானாக இறுகி நேராகிவிடும். ஐலெட் கிழியாது, கம்பு முறியாது.

காற்றைச் சாதாரணமாக நினைக்கக்கூடாது. பத்தடிப் படத்துக்கான ஃப்ளெக்ஸ் விளிம்போடு சேர்த்து எழுபது சதுர அடிக்கு மேல் வரும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகக் காற்று முகத்தில் அடித்தால் ஏறக்குறைய 35 கிலோ எடைக்குச் சமமான இழுவை அதன்மேல் விழும். காற்றின் வேகம் இரட்டித்தால் இழுவை நான்கு மடங்காகிவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் புகுந்து வரும் காற்றை எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த மாதங்களில் திரை வீட்டுக்குள் சுருண்டு தூங்கும். தை பிறந்தால் எங்கள் சீசன். தை, மாசி, பங்குனி மூன்றும் பொடக்காலி சினிமாவுக்கென்றே வானம் ஒதுக்கித் தந்த மாதங்கள்.

புரொஜெக்டர் வாங்குகிறவர்கள் பெட்டியில் அச்சடித்திருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ‘ஆன்சி லூமன்’ எவ்வளவு என்று கேளுங்கள். அளந்து சொன்ன வெளிச்சம் அதுதான். கணக்கு எளிது. பத்தடி அகலம், 16:9 விகிதம் என்றால் உயரம் ஐந்தடி ஏழரை அங்குலம். பரப்பு 56 சதுர அடி. திரையரங்குகளுக்கு வகுத்த ஒளி அளவு 16 ஃபுட்-லாம்பர்ட். இரண்டையும் பெருக்கினால் 900 லூமன் போதும் என்று வருகிறது. 2500 லூமன் புரொஜெக்டரை வண்ணம் நன்றாக வரும் ‘சினிமா’ முறைக்கு மாற்றும்போது வெளிச்சம் பாதியாகக் குறைந்தாலும் கையில் மிச்சம் இருக்கிறது! அதாவது, வீட்டில் வைக்கிற சாதாரண புரொஜெக்டரே பொடக்காலியில் திரையரங்கு வெளிச்சம் தரும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

எவ்வளவு தள்ளி வைப்பது என்பது அதன் ‘த்ரோ’ விகிதத்தில் இருக்கிறது. 1.3 என்று போட்டிருந்தால் பத்தடிப் படத்துக்குப் பதின்மூன்று அடி தூரம். பெரும்பாலான புரொஜெக்டர்கள் ஒளியை மேல்நோக்கி வீசும்படி செய்யப்பட்டவை. ஆகையால் திரையின் கீழ்விளிம்பு மட்டத்தில், சரியாக நடுவில், ஒரு முக்காலி போட்டு வைத்துவிட்டால் படம் கோணாமல் உட்காரும். கோணலாக வைத்துவிட்டு ‘கீஸ்டோன்’ பொத்தானால் நேராக்கினால் புள்ளிகள் வீணாகும், படத்தின் கூர்மை போகும். முக்காலியை இரண்டு அங்குலம் நகர்த்தச் சோம்பல்படுகிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வரும்.

இதில் என்னை மிகவும் கிறங்கடித்த விஷயம் ஒன்று உண்டு. கறுப்பை எந்தப் புரொஜெக்டராலும் வீச முடியாது! படத்தில் நாயகியின் கூந்தல் கறுப்பாகத் தெரிகிறதே, அந்த இடத்தில் ஒளி விழவில்லை, அவ்வளவுதான். அங்கே நாம் பார்ப்பது நம் வீட்டு இருட்டை. பொடக்காலி எவ்வளவு இருட்டோ அவ்வளவுதான் கூந்தலின் கறுப்பு. அதனால்தான் படம் போடுகிற இரவில் சமையலறை விளக்கு, குளியலறை விளக்கு எல்லாம் அணைகின்றன. திரையின் முதுகு தெருவிளக்குப் பக்கம் இருக்கும்படி நட்டிருக்கிறோம். பக்கத்து வீட்டு மாமாவிடம், “மாமா, பின்பக்க லைட்ட மட்டும் நிறுத்திக்கிறீங்ளா?” என்று கேட்டதும், லைட்டை அணைத்துவிட்டு அவரே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

நிலாவுக்குப் பயப்பட வேண்டாம். முழுநிலா தருகிற வெளிச்சம் ஒரு லக்ஸில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாது. திரையில் விழும் படத்தின் வெளிச்சமோ நூற்றைம்பது லக்ஸுக்கு மேல். பௌர்ணமியில் தாராளமாகப் படம் போடலாம். போட வேண்டும் என்றே சொல்வேன். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஒலிக்குப் போவோம். அறைக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பித் திருப்பி அனுப்பிக் காதை நிறைக்கும். வெளியில் அப்படி எதுவும் இல்லை, ஒலி போனது போனதுதான். தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் இறங்கிவிடும். ஆகவே ஒரு பெரிய பெட்டியைத் தூரத்தில் வைத்து அலறவிடுவதைவிட, இரண்டு சின்னப் பெட்டிகளைப் பாய்க்கு அருகில், திரைக்கு இருபுறமும் காது மட்டத்தில் வைத்து மெதுவாகப் பேசவிடுவது எவ்வளவோ மேல். வசனம் தெளிவாகக் கேட்கும், தெருவுக்குத் தொந்தரவு இல்லை. புளூடூத் வேண்டாம், வாய் ஒரு பக்கம் அசைய, குரல் கொஞ்சம் பிந்தி வரும். ஒயர் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. எங்கள் வீட்டில் ஏழேகாலுக்கே படம் தொடங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். மூன்று மணி நேரப் படத்தை இரண்டு ராத்திரியாகப் பிரித்துவிடுவோம். ‘மீதி நாளைக்கு’ என்று ஒரு ராத்திரி முழுக்கப் பிள்ளைகள் கதையை அசைபோடுகிற சுகம் இருக்கிறதே!

எல்லாம் தயாராகி, முதன்முதலில் திரை விரித்துக் காட்டியபோது என் அமுச்சி, அதாவது பாட்டி, சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் கேட்டது:

“ஏஞ்சாமி, மணலெங்க? மணலில்லாம என்ன கொட்டாயி?”

அமுச்சி காலத்து டெண்டுக் கொட்டாயில் தரை டிக்கெட் என்றால் மணல்தான். உள்ளே நுழைந்ததும் அவரவர் மணலைக் குவித்து மேடை கட்டி அதன்மேல் உட்காருவார்களாம். “முன்னால உக்காந்தவங்க தல மறைக்காம இருக்கோணுமல்லொ?” என்று கையாலேயே குவித்துக் காட்டியது. ஒரே புரொஜெக்டர் வைத்திருந்த கொட்டாய்களில் ரீல் தீர்ந்தால் படம் நிற்கும், மாட்டியதும் ஓடும். ஒரு படத்துக்கு மூன்று நாலு இடைவேளை. ஒவ்வொன்றிலும் முறுக்கும் கடலையும் வரும்.

அதற்கு அடுத்த வாரமே மணல் வந்தது. ஆற்று மணலுக்கு எங்கே போவது? பூச்சு வேலைக்கு விற்கும் பி-சாண்ட் ஒரு சின்ன டெம்போவில் கொட்டினார்கள். திரைக்கு முன் நாலு விரல் கனத்துக்குப் பரப்பி, ஓரங்களில் செங்கல் அடுக்கினோம். அன்றிலிருந்து பிள்ளைகள் ஒருவரும் நாற்காலியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அரைமணி முன்னாலேயே வந்து மணல் குவித்து இடம் பிடிக்கிறார்கள். பகல் சூட்டைக் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கும் அந்த மணலில் மாசி மாத இரவில் கால் புதைத்து உட்கார்ந்து பாருங்கள். எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் எந்த மல்டிபிளெக்ஸிலும் கிடைக்காத இருக்கை அது.

இப்போது பௌர்ணமிக்கு வருகிறேன். மாசிப் பௌர்ணமியை ஒட்டி ‘மாயாபஜார்’ போட்டோம். 1957-இல் கே.வி. ரெட்டி எடுத்த படம், கறுப்பு வெள்ளை. அதில் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் நிலவில் படகில் போகிற பாட்டு ஒன்று வருமே! ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லி அதில் காட்டிய நிலவொளியை இன்றைக்கும் சினிமாக்காரர்கள் வியந்து பேசுகிறார்கள். தொலைக்காட்சியில் நான் எத்தனையோ தரம் பார்த்த பாட்டு. அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன் என்று சொல்வேன். திரையில் தண்ணீர் மினுங்குகிறது. திரைக்கு மேலே, தென்னை ஓலை இடுக்கில், அசல் நிலா. இரண்டு வெளிச்சமும் ஒரே நிறம்! எங்கே படம் முடிகிறது, எங்கே வானம் தொடங்குகிறது என்றே தெரியவில்லை. பேசிக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட வாயைத் திறக்கவில்லை. பாட்டு முடிந்ததும் பக்கத்து வீட்டு மாமா, “இன்னொருக்கா போடு மாப்ள” என்றார். போட்டேன். மறுபடியும் கேட்டார்கள், மறுபடியும் போட்டேன். நம் கொட்டாயில் ரீல் நம் கையில்தானே!

மறுநாள் ராத்திரி கடோத்கஜன் விருந்து. எஸ்.வி. ரங்காராவ் உட்கார்ந்தபடி இருக்க, லட்டுகள் தாமாகப் பறந்து அவர் வாய்க்குள் போகும் காட்சி. ஐந்தரை அடி உயரத் திரையில் அந்த மனிதர் விரிந்து உட்கார்ந்ததும், எங்கள் தெருவின் நண்டுசிண்டுகள் மணலிலிருந்து எழுந்து நின்று சிரித்தன. படத்துக்கு வயது 65-ஐத் தாண்டிவிட்டது. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் எண்பது வயது அமுச்சிக்கும் ஒரே இடத்தில் சிரிப்பு வந்தது. அமுச்சி இடைவேளையில் வேகவைத்த நிலக்கடலையும் சுக்குக் காபியும் பங்கிட்டுக் கொடுத்தது. வேறு என்ன வேண்டும்?

பழைய படங்கள் வெளித்திரையில் இவ்வளவு அழகாக நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. முகத்தில் நல்ல வெளிச்சம் போட்டு எடுத்தவை அவை. இருட்டிலேயே நடக்கிற இக்காலப் படங்களை அறைக்குள் பார்த்துக்கொள்ளலாம். பொடக்காலிக்குப் பாட்டும் சிரிப்பும் பகலும் நிறைந்த படங்கள் வேண்டும். ‘காதலிக்க நேரமில்லை’, ‘தில்லானா மோகனாம்பாள்’, ‘திருவிளையாடல்’ எல்லாம் இந்த வானத்துக்கென்றே எடுத்தவை என்று நான் அடித்துச் சொல்வேன்.

பூச்சி, கொசு பற்றிக் கேட்பீர்கள். கொசு பறப்பதில் வலுவில்லாத ஜீவன். கூட்டத்துக்குப் பின்னால் ஒரு பெரிய மின்விசிறியை ஓடவிட்டால் பாதி கொசு அண்டாது. மீதிக்கு நொச்சி இலையைப் புகை போட்டால் போதும். புகைக்கு நடுவே ஒளிக்கற்றை தூணாகத் தெரிவது கூடுதல் விருந்து. மழை பெய்த மறுநாள் ஈசல் கிளம்பினால், தூரத்து மதிலோரம் ஒரு வெள்ளை பல்பைப் போட்டு அங்கே இழுத்துவிடுங்கள். மின்சாரத்தில் மட்டும் சமரசமே கூடாது. வெளியே இழுக்கும் லைனுக்கு, மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். எக்ஸ்டென்ஷன் பெட்டி தரையில் கிடக்காமல் செங்கல் மேல் இருக்கட்டும். பனி இறங்கும் மாதங்களில் படம் முடிந்த கையோடு புரொஜெக்டரை உள்ளே எடுத்துவிட வேண்டும்.

பொடக்காலி இல்லாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். நம் ஊர் மொட்டை மாடிகளில் படி ஏறி வந்து திறக்கிற அந்தச் சின்ன அறை இருக்கிறதே, அதன் சுவரே திரை! பட்டி பார்த்து, பளபளப்பில்லாத வெள்ளை அடித்துவிடுங்கள். காற்றுக் கவலையும் இல்லை, கம்பு நடும் வேலையும் இல்லை. என் தங்கை சென்னையில் தன் வீட்டு மாடியில் அப்படித்தான் செய்தாள். இப்போது கீழ்வீட்டுக்காரர்களும் பாயோடு ஏறி வருகிறார்கள்.

“பத்து ரூபா டிக்கெட் வெச்சா என்ன?” என்று தெருவில் ஒருவர் ஆசையாகக் கேட்டார். அது வேண்டாம். காசு வாங்கிக் காட்டினால் அது பொதுத் திரையிடல். தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டம் 1955-இலிருந்து இருக்கிறது, உரிமம் வேண்டும், படத்தின் உரிமையாளர் அனுமதியும் வேண்டும். வீட்டு மனிதர்களும் அக்கம்பக்கத்து நெருங்கியவர்களும் சேர்ந்து பார்க்கிற இடமாக இருப்பதில்தான் இதன் ருசி.

வருகிற பங்குனியில் ‘காதலிக்க நேரமில்லை’ என்று முடிவாகிவிட்டது. நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை அமுச்சி இப்போதே பிள்ளைகளுக்கு நடித்துக் காட்டத் தொடங்கிவிட்டது. உங்கள் ஊரிலும் ஃப்ளெக்ஸ் கடை இருக்கும், சவுக்குக் கம்பு இருக்கும், சைக்கிள் கடையில் கிழிந்த டியூப் சும்மாவே தருவார்கள். புரொஜெக்டரை முதல் நாளைக்கு வாடகைக்கு எடுங்கள், கல்யாண வீடியோக்காரர்களிடம் கேட்டால் கிடைக்கும். சனிக்கிழமை காலை கடைக்குப் போனால் அன்றைக்குச் சாயங்காலம் ஏழேகாலுக்குப் படம்.